கடிந்துகொள்ளுதலை வரவேற்பது எப்படி? விசுவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"நீதிமான் என்னைத் தயவாய்க்குட்டி, என்னைக் கடிந்துகொள்ளட்டும், அது என் தலைக்கு எண்ணெயைப்போலிருக்கும்" என்று 141ஆம் சங்கீதத்தில் தாவீது ஜெபிக்கிறார். ஆலயத்தில் இதை வாசித்து ஆமென் சொல்கிறோம். அதே வாரத்தில் கூடப்பிறந்த தங்கை, "அண்ணே, அம்மா நகையை நீங்க பிரிச்ச விதம் சரியில்ல" என்று சொல்லிவிட்டால், அடுத்த கிறிஸ்துமஸ் வரை பேச்சு நின்றுபோகிறது. பாஸ்டர் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை குத்திவிட்டால், "என்னை மனசுல வச்சுத்தான் சொன்னார்" என்று வேறு சபை தேடுகிறோம்.

கடிந்துகொள்ளுதலை எப்படிக் கொடுப்பது என்று போதிக்க நம்மிடம் ஆள் நிறைய உண்டு. அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று சொல்லித்தருகிறவர்கள் குறைவு. இந்த வழிகாட்டி வாங்கிக்கொள்கிறவருக்காக எழுதப்பட்டது. யாராவது நம் பாவத்தை நம்மிடம் சொல்லும்போது அந்த நிமிஷத்தில் என்ன செய்வது, அடுத்த நாள் என்ன செய்வது, அடுத்த மாதம் என்ன செய்வது என்பதை வரிசையாகப் பார்க்கலாம். எது கடிந்துகொள்ளுதலே ஆகாது, எதை ஏற்கவே கூடாது என்பதற்கும் ஒரு பகுதி உண்டு. அதைத் தவறாமல் வாசியுங்கள்.

முதலில்: ஒரே வார்த்தையைச் சொன்ன இரண்டு ராஜாக்கள்

சவுலும் "பாவஞ்செய்தேன்" என்றார், தாவீதும் "பாவஞ்செய்தேன்" என்றார். ஒருவருடைய ராஜ்யபாரம் தள்ளுண்டது. மற்றவர் மன்னிப்புப் பெற்றார். என்ன வித்தியாசம்?

1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அமலேக்கியரின் ஆடுமாடுகளை உயிரோடு வைக்கக்கூடாது என்பது கட்டளை. தீர்க்கதரிசி சாமுவேல் வந்ததும் சவுல் முந்திக்கொண்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டேன் என்கிறார் (வசனம் 13). அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் கேட்கிறார். ஜனங்கள்தான் தப்பவைத்தார்கள், அதுவும் கர்த்தருக்குப் பலியிடத்தான் என்பது அடுத்த பதில் (15). பின்னும் அழுத்திக் கேட்டால், நான் கீழ்ப்படிந்தேனே என்று முதல் பேச்சுக்கே திரும்புகிறார் (20). வேறு வழியில்லாதபோதுதான் "பாவஞ்செய்தேன்" வருகிறது. அதோடு, ஜனங்களுக்குப் பயந்து செய்தேன் என்ற காரணமும் ஒட்டிக்கொண்டு வருகிறது (24). கடைசியில் உள்ளே இருந்தது வெளியே வந்துவிடுகிறது: என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறார் (30). பாவம் போகவேண்டும் என்பதைவிட மானம் போகக்கூடாது என்பதே அவருக்குப் பெரிதாயிருந்தது.

தாவீது செய்தது அதைவிடக் கொடியது: உரியாவின் மனைவி பத்சேபாளோடு விபசாரம், அதை மூடி மறைக்க உரியாவின் கொலை. பத்சேபாளுக்குப் பிள்ளை பிறந்த பிறகே தீர்க்கதரிசி நாத்தான் வருகிறார். அதாவது, மாதக்கணக்கில் தாவீது இதோடு வாழ்ந்து பழகிவிட்டார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய ஐசுவரியவானின் கதையைக் கேட்டுக் கோபத்தில் கொதிக்கும் அளவுக்கு மற்றவன் பாவம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்னதும் தாவீதின் பதில் ஒரே வரி: "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." பத்சேபாளைக் குறைசொல்லவில்லை, யுத்தக் களைப்பு என்று சொல்லவில்லை. என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கவும் இல்லை. பிறகு பிறந்த 51ஆம் சங்கீதத்தின் தலைப்பிலேயே நாத்தானின் பேரும் பத்சேபாளின் பேரும் நிற்கின்றன. அது இராகத் தலைவனிடம் கொடுக்கப்பட்டு, ஜனங்கள் பாடும் பாட்டாயிற்று.

கீழே வரும் படிகள் எல்லாம் சவுலின் பாதையை விட்டுத் தாவீதின் பாதைக்கு வருவதற்கான படிகள்தான்.

படி 1: யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, நிற்கும் இடத்தை உறுதிசெய்யுங்கள்

ஒருவர் நம் குற்றத்தைச் சொன்னதும் நெஞ்சு படபடக்கிறது, முகம் சிவக்கிறது, பதில் தானாக வாயில் வருகிறது. ஏன்? "நான் நல்லவன்" என்ற ஒன்றின்மேல்தான் நம்மில் பலர் நிற்கிறோம். அதை அசைத்தால் நாமே விழுந்துவிடுவோம் என்ற பயம். அதனால்தான் உயிரைக் காப்பதுபோல வாதாடுகிறோம்.

சுவிசேஷம் இங்கேதான் வேலை செய்கிறது. கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று ரோமர் 8:1 சொல்கிறது. நம்மைப்பற்றிச் சொல்லக்கூடிய மிக மோசமான வார்த்தையைச் சிலுவை ஏற்கெனவே சொல்லிவிட்டது: இவனுக்காகத் தேவகுமாரன் சாகவேண்டியிருந்தது. அதை ஒத்துக்கொண்டுதானே ஞானஸ்நானம் எடுத்தோம்? அப்படியிருக்க, "நீ கோபக்காரன்", "நீ பணத்தில் நேர்மையில்லை" என்று தங்கையோ சக விசுவாசியோ சொல்வது அந்தத் தீர்ப்பில் ஒரு சின்னப் பகுதி மட்டுமே. கர்த்தர் நம்மை நீதிமானாக்கிவிட்டார் என்றால், நம்மை நாமே நீதிமானாக்கிக் காட்டும் வேலை நமக்கு இனி இல்லை. வக்கீலை வெளியே தேடவேண்டாம். பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவர் ஒருவர் இருக்கிறார் (1 யோவான் 2:1).

இந்தப் படி உறுதியாக இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வெறும் நாகரிகமாகிவிடும். வாய் "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லும், உள்ளம் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே தினமும் காலை ஜெபத்தில் சங்கீதம் 139:23-24ஐ உங்கள் சொந்த ஜெபமாக்குங்கள்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." இதை மனதார ஜெபிக்கிறவர், பதில் ஒரு மனுஷர் வாயால் வந்தால் ஆச்சரியப்படக்கூடாது.

படி 2: வரும்வரை காத்திராமல் கேளுங்கள்

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25 அன்று சிறு குழுக்களுக்கான விதிகளை வகுத்தார். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்ற யாக்கோபு 5:16க்குக் கீழ்ப்படிவதே அந்தக் குழுக்களின் நோக்கம். வாரம் ஒருமுறை கூடுவார்கள். சேர வருகிறவரிடம் முன்கூட்டியே கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று: உங்கள் குற்றங்களை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று விரும்புகிறீர்களா? அடுத்தது இன்னும் கூர்மையானது: எல்லாக் குற்றங்களையும், ஒளிவுமறைவில்லாமல், மனதில் தைக்கும்படி சொல்ல விரும்புகிறீர்களா? ஆம் என்றவரே சேர்க்கப்பட்டார். கூடும்போதெல்லாம் கேட்கப்பட்டவை: போன கூடுகைக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன? எந்தச் சோதனை வந்தது, அதிலிருந்து எப்படித் தப்பினீர்கள்? பாவமா இல்லையா என்று சந்தேகப்படும்படி எதை நினைத்தீர்கள், பேசினீர்கள், செய்தீர்கள்?

நம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட நாம் கேட்பதில்லை. வேலைக்காக ஜெபிக்கிறோம், வீசாவுக்காக ஜெபிக்கிறோம், முட்டுவலிக்காக ஜெபிக்கிறோம். பாவத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. எபிரெயர் 3:13 பாவத்தின் வஞ்சனையைப் பற்றிப் பேசுகிறது. வஞ்சிக்கப்படுகிறவனுக்குத் தான் வஞ்சிக்கப்படுவது தெரியாது. அதனால்தான் "ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்று அந்த வசனம் கட்டளையிடுகிறது.

யாரிடம் கேட்பது? உங்களைப் புகழ்ந்துகொண்டே இருப்பவர் வேண்டாம். ரெகொபெயாம் முதியோரின் ஆலோசனையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபர் பேச்சைக் கேட்டு ராஜ்யத்தின் பெரும்பகுதியை இழந்தார். வேதத்தை அறிந்தவராக, வாயைக் காக்கிறவராக, தானும் ஒருவரிடம் திருத்தம் வாங்கிப் பழகியவராக ஒருவரைத் தேடுங்கள். ஆண்கள் ஆணையும், பெண்கள் பெண்ணையும் தேர்ந்தெடுப்பது நல்லது. கணவன் மனைவிக்குள் இது தனியாக நடக்கவேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். "என்கிட்ட ஏதாச்சும் குறை இருக்கா?" என்று கேட்டால் எவரும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல பிரதர்" என்றுதான் சொல்வார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: "அக்கா, நான் மருமககிட்ட பேசுற விதத்துல உங்களுக்கு என்ன தெரியுது? தயங்காம சொல்லுங்க." பணம், கோபம், கண், நாவு, வீட்டில் நடக்கும் விதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தில்தான் எதிரிலிருப்பவருக்குத் தைரியம் வரும்.

படி 3: அந்த நிமிஷத்தில் செய்யவேண்டியது

இதுவே எல்லாவற்றிலும் கடினம். யாரோ ஒருவர் சொல்லிவிட்டார், நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

விளக்கம் கொடுக்காதீர்கள். விளக்கம் சரியானதாகவே இருக்கலாம். அதற்கு நாளைக்கும் நேரம் உண்டு. "நீ மட்டும் யோக்கியமா?" என்று திருப்பாதீர்கள். சொன்னவர் கண்ணில் உத்திரம் இருந்தாலும், உங்கள் கண்ணில் இருக்கும் துரும்பு துரும்புதான். "யார் சொன்னது?" என்று சாட்சியைத் தேடாதீர்கள். அழுது எதிராளியை ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள். அதுவும் தப்பித்துக்கொள்ளும் ஒரு வழி.

அதற்குப் பதிலாக, ஒரு உதாரணம் கேளுங்கள்: "எப்போ, எங்க அப்படி நடந்துக்கிட்டேன்? சொல்லுங்க, புரிஞ்சுக்கணும்." அவர் சொன்னதை உங்கள் வாயால் திரும்பச் சொல்லிச் சரிதானா என்று கேளுங்கள். பிறகு: "சொன்னதுக்கு நன்றி. இதை ஜெபத்துல வைக்கிறேன். ரெண்டு நாள்ல உங்ககிட்ட பேசுறேன்." இவ்வளவே போதும். பாவம் அப்பட்டமாகத் தெரிந்தால் ரெண்டு நாள் வேண்டாம். தாவீதைப்போல அங்கேயே ஒத்துக்கொள்ளுங்கள்.

சொல்கிறவர் வயதில் சின்னவராக, பெண்ணாக, நம்மிடம் சம்பளம் வாங்குகிறவராக இருந்தால் நம் ஊரில் அது இரட்டிப்பாக உறைக்கும். "எனக்குப் புத்தி சொல்ல நீ யாரு?" என்ற கேள்வி நம் ரத்தத்தில் ஊறியது. வேதத்தில் நடந்ததைப் பாருங்கள். படைத்தலைவன் நாகமானைக் கோபத்திலிருந்து திருப்பியவர்கள் அவனுடைய ஊழியக்காரர்கள். "தகப்பனே" என்று மரியாதையாக அழைத்துச் சொன்னார்கள், அவன் கேட்டான், யோர்தானில் முழுகிக் குஷ்டம் நீங்கிச் சுத்தமானான். நாபாலின் வீட்டு ஆண்களைக் கொல்லப் பட்டயத்தோடு புறப்பட்ட தாவீதை வழிமறித்தவள் நாபாலின் மனைவி அபிகாயில். தாவீது அவளைப் பார்த்து, உன் யோசனை ஆசீர்வதிக்கப்படுவதாக, நான் இரத்தம் சிந்தாதபடி என்னைத் தடுத்த நீயும் ஆசீர்வதிக்கப்படுவாயாக என்றார் (1 சாமுவேல் 25). நாத்தானின் வார்த்தையைத் தாங்கும் பலம் அவருக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பல வருஷத்துக்கு முன்பே ஒரு பெண்ணின் பேச்சை வழியில் நின்று கேட்டுத் திரும்பிப் போனவர் அவர்.

எதிர்ப்பக்கத்துக்கு ஆசாவைப் பாருங்கள். நல்ல ராஜா. விக்கிரகம் வைத்திருந்த காரணத்துக்காக தன் தாயான மாகாளை ராஜாத்தியாயிராதபடி விலக்கிப்போட்ட சீர்திருத்தக்காரர். அனானி என்ற ஞானதிருஷ்டிக்காரன் வந்து, கர்த்தரைச் சார்ந்துகொள்ளாமல் சீரியாவின் ராஜாவைச் சார்ந்துகொண்டீரே என்று சொன்னதும், ஆசா கோபங்கொண்டு அவரைக் காவலறையில் போட்டார்; அதோடு ஜனத்தில் சிலரையும் கொடுமையாக நடத்தினார் (2 நாளாகமம் 16). மற்றவர்களைத் திருத்துகிறவர்கள், அதாவது மூப்பர்கள், ஞாயிறுபள்ளி ஆசிரியர்கள், ஊழியக்காரர்கள் இந்த அதிகாரத்தை வருஷம் ஒருமுறையாவது வாசிக்கவேண்டும்.

படி 4: ஆராய்ந்து பாருங்கள்

வரவேற்பது என்றால் சொன்னதையெல்லாம் அப்படியே விழுங்குவது என்று பொருளில்லை. தனியே போய், எழுதிவைத்து, வேதத்தோடு ஒப்பிடுங்கள்.

முதல் கேள்வி: இது பாவமா, பழக்கமா? நகை போடுவது, கலர் புடவை கட்டுவது, கிட்டார் வாசித்துப் பாடுவது பற்றி ஒரு சபை ஒருவிதமாகவும் இன்னொரு சபை வேறுவிதமாகவும் நினைக்கிறது. இவற்றுக்கு ரோமர் 14ஆம் அதிகாரம் இருக்கிறது. ஒருவர் மனச்சாட்சியை மதித்து விட்டுக்கொடுக்கலாம். பாவம் என்று அறிக்கையிட வேண்டிய அவசியமில்லை. பொய், விபசாரம், கூலியை நிறுத்திவைப்பது, புறங்கூறுதல், பேராசை என்று வேதம் பேர் சொல்லிக் குறிப்பதோடு இவற்றைக் குழப்பக்கூடாது.

இரண்டாவது: எவ்வளவு உண்மை? சொன்னதில் பாதி தவறாக இருக்கலாம், தேதி தப்பாக இருக்கலாம், சொன்ன தொனி கேவலமாக இருக்கலாம். அந்தத் தவறான பாதியைப் பிடித்துக்கொண்டு சரியான பாதியைத் தூக்கியெறிவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. சீமேயி என்பவன் கல்லெறிந்து தாவீதைத் தூஷித்தபோது, தலையை வெட்டிவரட்டுமா என்று அபிசாய் கேட்டான். தாவீது தடுத்தார். சீமேயி சொன்ன குற்றச்சாட்டு நியாயமானதல்ல. சவுலின் வீட்டார் இரத்தத்தைத் தாவீது சிந்தவில்லை. ஆனாலும் அந்த ஏசலுக்குள்ளும் கர்த்தருடைய கை இருக்கலாம் என்று தாவீது நடந்துபோனார் (2 சாமுவேல் 16).

மூன்றாவது: உங்களோடு தினமும் வாழ்கிற இரண்டு பேரிடம் கேளுங்கள். "எனக்கு இப்படி ஒரு சுபாவம் இருக்கிறதா?" மனைவியும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் பதில் கிடைத்துவிட்டது. எல்லாம் ஆராய்ந்த பிறகும் அது முழுக்கப் பொய் என்று தெரிந்தால், சொன்னவரிடம் அமைதியாகப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். நீதிமொழிகள் 18:17 சொல்வதுபோல முதலில் பேசுகிறவன் நீதிமான்போலக் காணப்படுவான்; அயலான் வந்து பரிசோதிப்பதும் நியாயமே.

படி 5: பாவத்தைப் பேர் சொல்லி அறிக்கையிடுங்கள்

"ஏதாவது தவறு நடந்திருந்தால் மன்னிச்சிருங்க." இது அறிக்கை இல்லை. எதுவும் நடந்ததாகவே இந்த வாக்கியம் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் மனசு கஷ்டப்பட்டிருந்தா சாரி" என்பது பழியை எதிரிலிருப்பவர் மனதின்மேல் போடுகிறது.

இப்படிச் சொல்லுங்கள்: "அப்பா வீட்டுப் பத்திரத்துல உன் கையெழுத்தை உண்மையைச் சொல்லாம வாங்கினேன். அது வஞ்சகம். உனக்கும் கர்த்தருக்கும் விரோதமா பாவம் செஞ்சேன். மன்னிப்பியா?" செயல், அதன் பேர், யாருக்கு விரோதம், கடைசியில் கேள்வி. மன்னிக்கும்படி கட்டாயப்படுத்தக்கூடாது, அவருக்கு நேரம் தேவைப்படலாம்.

கர்த்தரிடம் அறிக்கையிட 1 யோவான் 1:9 போதும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனையில் திருவிருந்துக்கு முன் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கைக்கு முன்பு வரும் அமைதியை வீணாக்காதீர்கள். அந்த வாரத்தின் ஒரு பாவத்தையாவது அதில் பேர் சொல்லிக் கொண்டுபோங்கள். கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. அங்கே கேட்டதைக் குரு வெளியே சொல்லவே கூடாது என்ற கண்டிப்பான சட்டமும் உண்டு. மனுஷரிடம் அறிக்கையிடும்போது ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள்: பாவம் எத்தனை பேரைத் தொட்டதோ அத்தனை பேரிடம். சபை நடுவே செய்ததற்குச் சபை நடுவே. சிந்தையில் மட்டும் நடந்த இச்சையைச் சம்பந்தப்பட்ட பெண்ணிடம் போய்ச் சொல்லி அவரைக் கலங்கடிக்கக்கூடாது; அது நம்பிக்கையான ஒரு மூப்பரோடு நிற்கட்டும்.

படி 6: திருப்பிக் கொடுங்கள்

ஜெபித்தாயிற்று, கண்ணீரும் விட்டாயிற்று. நிலம் மட்டும் இன்னும் நம் பேரில்தான் இருக்கிறது. வரி வசூலித்த சகேயு அப்படிச் செய்யவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை என்று வீட்டிலேயே நின்று சொன்னார். நியாயப்பிரமாணத்தில் எண்ணாகமம் 5ஆம் அதிகாரம், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொடுக்கச் சொல்கிறது. கொடுக்கவேண்டியவர் இறந்து, வாங்கிக்கொள்ள இனத்தானும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதுவரை அங்கே எழுதியிருக்கிறது: அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போகவேண்டும். காலம் கடந்துவிட்டது என்ற சாக்குக்கு அங்கே இடமே வைக்கப்படவில்லை. 1930களில் ருவாண்டா, உகாண்டா நாடுகளில் எழுந்த கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதலில், வெளிப்படையான பாவ அறிக்கையோடு திருடினதைத் திருப்பிக் கொடுப்பதும் சேர்ந்தே நடந்தது.

நம் வீடுகளில் இது எந்த உருவத்தில் வரும்? வரதட்சணையாக வாங்கிய பணம். அக்கா தங்கைகளுக்குச் சேரவேண்டிய சொத்துப் பங்கு. வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்குப் பிடித்துவைத்த சம்பளம். ஏலம் எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்ட சீட்டு. மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் இவ்வளவு என்று எழுதிக்கொடுங்கள்.

பேரைக் கெடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது பணத்தைவிடக் கடினம். குறிப்பாக ஜெபக்குறிப்பு என்ற பேரில் நாம் பரப்புவது: "அந்தப் பொண்ணுக்காக ஜெபிங்க சிஸ்டர், என்ன நடந்துச்சு தெரியுமா..." எந்த வாட்ஸ்அப் குரூப்பில் போட்டீர்களோ அதே குரூப்பில், "நான் சொன்னது தவறு, விசாரிக்காமல் சொன்னேன்" என்று போடுங்கள். நேரில் சொன்னவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சொல்லுங்கள்.

படி 7: இரண்டுவித துக்கத்தையும் பிரித்தறியுங்கள்

பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் ஆண்டவரை விட்டு விலகினார்கள். இருவரும் துக்கப்பட்டார்கள். யூதாஸ் காசைத் திருப்பிக்கொடுத்து, குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று ஒத்துக்கொள்ளவும் செய்தான். ஆனால் இயேசுவிடம் திரும்பவில்லை. பேதுரு மனங்கசந்து அழுதார், பிறகு கரையில் இயேசுவைக் கண்டதும் கடலில் குதித்து அவரிடம் போனார். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்குகிறது என்று 2 கொரிந்தியர் 7:10 பிரிக்கிறது. ஆவியானவர் உணர்த்தும்போது குறிப்பான ஒரு பாவத்தைக் காட்டி, கிறிஸ்துவிடம் போகச் சொல்வார். "நீ எதற்கும் உதவாதவன்" என்று பொத்தாம்பொதுவாக நசுக்குகிற குரல் அவருடையதல்ல.

மன்னிப்புக் கேட்ட பாவத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு, தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இருக்கிறீர்களா? உங்களுக்கு இன்னும் கடிந்துகொள்ளுதல் தேவையில்லை. நம்பிக்கையான ஒரு போதகரிடமும், மனநல மருத்துவரிடமும் பேசுங்கள். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

படி 8: சொன்னவரிடம் திரும்பிப் போங்கள்

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபினிடத்திலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2). மூத்த அப்போஸ்தலர், ஆண்டவரோடே நடந்தவர், பின்னால் வந்த ஒருவரால் பந்தியில் வைத்துத் திருத்தப்படுகிறார். அந்தப் பேதுரு பிற்பாடு எழுதும்போது, "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்கிறார் (2 பேதுரு 3:15). தாவீதும் நாத்தானைத் தூரத்தில் வைக்கவில்லை. கடைசிக் காலத்தில் சாலொமோனை ராஜாவாக்கும் விஷயத்தில் படுக்கையருகே வந்து பேசியது அதே நாத்தான். பத்சேபாளிடம் பிறந்த ஒரு மகனுக்குப் பேரும் நாத்தான் (1 நாளாகமம் 3:5).

பேதுரு பிடிபட்ட பாவம் எது என்பதை நம் தமிழ்ச் சபைகள் கவனிக்கவேண்டும்: யாரோடு சேர்ந்து சாப்பிடுவது என்பது. ஒரே அப்பத்தில் பங்குபெற்றுவிட்டு, கல்யாணத்துக்கு மட்டும் சாதி பார்க்கிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை உண்டு. இதைச் சுட்டிக்காட்டுகிறவரைக் குழப்பக்காரர் என்று முத்திரை குத்துகிறோம். பவுல் இதை வெறும் பழக்கவழக்கம் என்று விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ற நடத்தை இல்லை என்று சொன்னார். தனிமனிதன் திருத்தத்தை ஏற்கவேண்டும் என்றால் சபைக் கமிட்டியும் ஏற்கவேண்டும்.

சொன்னவரிடம் போய் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு, "மூணு மாசம் கழிச்சு என்னைக் கேளுங்க" என்று உரிமை கொடுத்துவிட்டு வாருங்கள்.

எதை ஏற்கக்கூடாது

கடிந்துகொள்ளுதல் என்ற பேரில் வரும் எல்லாம் கர்த்தரிடமிருந்து வருவதல்ல. "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்ற வசனத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, கணக்குக் கேட்டவரைச் சபை நடுவில் அவமானப்படுத்துவது திருத்தமல்ல. மூப்பன்மேல் இரண்டு மூன்று சாட்சிகளோடு வரும் குற்றச்சாட்டை விசாரிக்கவேண்டும், பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:19-20 சொல்லும்போது, ஊழியக்காரருக்கு விதிவிலக்கே இல்லை.

அடிக்கிற கணவனிடம் "இன்னும் பொறுமையா இரும்மா, உன்கிட்டதான் கீழ்ப்படிதல் இல்ல" என்று பெண்ணைத் திருப்பி அனுப்புவது பாவத்துக்கு உடந்தையாவது. அப்படிப்பட்ட சகோதரிகள் இந்தியாவில் 181 என்ற எண்ணை அழைக்கலாம். குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமைக்கு 1098. பிள்ளைகள்மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்பதற்கு இடமில்லை. குற்றம் செய்தவர் உண்மையாக மனந்திரும்பியிருந்தால் சட்டத்துக்கு முன் நிற்பதையும் ஏற்பார்.

நீங்கள் சொல்லவேண்டிய முறை வந்தால்

மத்தேயு 18:15-17இன் வரிசை போதும்: முதலில் தனியாக, கேட்காவிட்டால் ஒருவரிருவரோடு, அதன்பிறகே சபை. கலாத்தியர் 6:1 சாந்தமுள்ள ஆவியைக் கேட்கிறது. அன்றைய ஜெர்மனியில் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1935 முதல் போதகர்களைப் பயிற்றுவித்தார். 1937இல் நாஜிப் போலீஸ் அதை மூடிவிட்டது. அங்கே ஒரு விதி உண்டு: கூட இருக்கும் சகோதரனைப் பற்றி அவன் இல்லாதபோது பேசக்கூடாது, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லவேண்டும். ஒரு வீட்டு ஜெபக்குழு இந்த ஒரு விதியை மட்டும் எடுத்து ஒரு மாதம் நடத்திப் பார்க்கலாம். அடுத்த மாதம் வெஸ்லியின் கேள்விகளில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் பதில் சொல்லவேண்டியவர் குழுவை நடத்துகிறவர்.